அன்னக்காமுவைத் துரத்திய கட்டில்

மேல்மந்தையில் கட்டில் நடந்தது எந்த வருஷம் என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். பூண்டுத் தாள் மொத்தமும் பனியில் கருகிய வருஷம் என்பார் ஒருவர், பஸ் நிற்கும் இடத்துக்குத் தகரக் கூரை போட்ட வருஷம் என்பார் இன்னொருவர், தன் மகள் பெரியவளான வருஷம் என்று ஒரு அம்மாள் அடித்துச் சொல்வார். ஆனால் மாசத்தைப் பற்றி மட்டும் ஊருக்குள் இரண்டு பேச்சு கிடையாது. கார்த்திகை பிறந்து மூன்றாம் நாள், விடியற்காலை ஐந்தரை மணி, மூச்சு விட்டால் வாயிலிருந்து புகை வருகிற குளிர், பழனி மலையின் உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிற ஊருக்குக் குளிரைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, அந்தக் குளிரில் காதைச் சுற்றி மஃப்ளர் கட்டி, செத்துப்போன வீரணனின் பேண்ட்டையும் ஸ்வெட்டரையும் மாட்டிக்கொண்டு அவன் பெண்டாட்டி அன்னக்காமு மேட்டுத் தெருவில் ஓடினாள். அவளுக்குப் பின்னால் இருபது அடி தள்ளி அவளுடைய கட்டில் வந்தது.

டீக்கடைக் குருவப்பன்தான் முதலில் பார்த்தவர். அடுப்பில் பால் வைத்துவிட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அன்னக்காமு, பின்னால உன் கட்டிலு வருது."

"தெரியும்ணே."

"கம்பளி ஒரு பக்கமாத் தொங்குது பாரு. காலுல மிதிபட்டுக் கிழிஞ்சிரும்."

"கிழிஞ்சா கிழியட்டும்ணே," என்று சொல்லிவிட்டு அவள் வேகத்தைக் கூட்டினாள். கட்டிலும் கூட்டியது. நல்ல பலாமரக் கட்டில், நான்கு காலும் தரையில் டொக் டொக்கென்று மாறி மாறி விழ, ஒரு மாடு தொழுவத்துக்குத் திரும்புகிற நிதானத்தோடு கடையைத் தாண்டிப் போனது. குருவப்பன் பாலை இறக்கிவிட்டு, முதல் டீக்கு வந்தவரிடம், "பழைய கட்டிலுதான், ஆனா நட நல்லாருக்கு," என்றார். வந்தவர், "பலாவுல்ல, இருக்கத்தான செய்யும்," என்று சொல்லிவிட்டுச் சர்க்கரை கூடப் போடச் சொன்னார்.

மரம் நடக்குமா என்று நீங்கள் கேட்கலாம். மேல்மந்தையில் யாரும் அதைக் கேட்கவில்லை. எதற்கு நடக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி, அதற்குப் பதில் ஊருக்கே தெரியும்.

அதற்கு முந்தின மார்கழியில் ஒரு காலை அன்னக்காமு எழுந்தபோது வீரணன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். குளிருக்குச் சுருண்டு கிடக்கிறான், பாவம், தூங்கட்டும் என்று தன் கம்பளியையும் எடுத்து அவன் தலை வரைக்கும் போர்த்திவிட்டுப் பூண்டுக் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனாள். பத்து மணிக்குத் திரும்பி வந்து கஞ்சியைக் கொதிக்கவைத்து, "எந்திரிய்யா, வெயிலு வந்துருச்சு," என்று இரண்டு தரம் கூப்பிட்டாள். மூன்றாம் தரம் கூப்பிடாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். செத்தவர் படுத்திருந்த கட்டிலைப் பதினாறாம் நாள் நான்கு பேர் தூக்கிப்போய் ஊர் எல்லையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும், வேண்டியவர் எடுத்துக்கொள்வார். பதினாறாம் நாள் நான்கு பேரும் வந்தார்கள். கட்டிலில் அன்னக்காமு படுத்திருந்தாள். எழுந்திரு என்றார்கள், எழவில்லை. ஆளோடு எப்படித் தூக்குவது, அது பாடையாகிவிடும் என்று தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்கள். தை முழுக்கப் படுத்திருந்தாள், மாசி முழுக்கப் படுத்திருந்தாள், பங்குனியில் பூண்டுக் காட்டில் களை இடுப்பளவு நின்றது, அவள் வீரணன் படுத்த பள்ளத்தில் கையை வைத்துக்கொண்டு தன் பள்ளத்தில் படுத்திருந்தாள்.

சுகாதார நிலையத்து நர்ஸ் ரெஜினா மட்டும் வாரம் ஒரு தரம் வந்து நாடி பார்ப்பார். பேச்சில் சர்க்கரை தடவத் தெரியாத பொம்பளை அவர்.

"உனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல அன்னக்காமு. இன்னும் ரெண்டு மாசம் இப்படியே கெடந்தா எல்லாம் வரும்."

"எந்திரிச்சு என்னத்தச் செய்யப் போறேன், சிஸ்டர்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம். வீட்டுக்கு வந்தவள வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பு. அந்த மரியாத கூடவா இல்ல ஒனக்கு?"

மரியாதை இல்லை என்ற சொல் தைத்தது. அன்னக்காமு எழுந்து, சுவரைப் பிடித்துப் பிடித்து, வாசல் வரைக்கும் வந்தாள். மறுநாள் ரெஜினா மறுபடி வந்தார், அன்றைக்கு வழியனுப்பக் குழாயடி வரைக்கும் வரச் சொன்னார். இப்படி வழியனுப்பி வழியனுப்பியே சித்திரையில் அவள் டீக்கடையைத் தாண்டினாள், வைகாசியில் நான்கு கிலோமீட்டர் ஏற்றம் ஏறி முனியப்பன் வளைவைத் தொட்டாள், நடக்கும்போது யோசனை கூடவே வருகிறது என்று ஆடியில் ஓட ஆரம்பித்தாள். ஆவணியில் விட்டத்திலிருந்து சைக்கிளை இறக்கினாள். கொடை விழாக் குலுக்கலில் வீரணனுக்கு விழுந்த சைக்கிள் அது. ஏறும்போது தள்ள வேண்டும், இறங்கும்போது பிரேக் தேய்ந்துவிடும், மலையில் எவன் சைக்கிள் ஓட்டுவான் என்று அவன் கட்டித் தொங்கவிட்டதுதான். அவள் ஓட்டினாள். விழுந்தாள், முட்டியில் மஞ்சள் வைத்துக்கொண்டு மறுநாளும் ஓட்டினாள். திங்கள், புதன், வெள்ளி ஓட்டம். செவ்வாய், வியாழன், சனி சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பு.

படுக்கை மட்டும் சித்திரையிலிருந்தே தரையில் பாய்தான். ஏன் கட்டில் இருக்கும்போது தரையில் படுக்கிறாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் ஒரே பதிலைச் சொன்னாள். "இன்னொரு தடவ அதுல படுத்தா நான் எந்திரிக்க மாட்டேன். எனக்குத் தெரியும்."

மேல்மந்தைக்காரர்கள் ஓடுகிறவர்கள் இல்லை. ஏறுவார்கள், இறங்குவார்கள், அவ்வளவுதான். காட்டுமாடு துரத்தினால் ஓடலாம், பஸ் கிளம்பிவிட்டால் ஓடலாம், பெண்டாட்டிக்கு வலி எடுத்தால் ஓடலாம். இது எதுவுமே இல்லாமல் ஒரு பொம்பளை, அதுவும் தாலி இறங்கி வருஷம் திரும்பாத பொம்பளை, புருஷன் பேண்ட்டை மாட்டிக்கொண்டு ஓடினால் அதை எந்தக் கணக்கில் வைப்பது? "யாரு துரத்துறா ஒன்ன?" என்று தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் கேட்டார்கள். வீரணனின் தங்கச்சி பாப்பாத்தி வீட்டுக்கே வந்து அழுதாள்.

"மதினி, ஊரே சிரிக்குது."

"சிரிக்கட்டும் பாப்பாத்தி. சிரிச்சா அவுகளுக்கும் குளிரு விடும்."

அவளுக்கும் குளிர் விடவில்லை என்பதுதான் நிஜம். ஆவணியிலும் புரட்டாசியிலும் வெறும் பிடிவாதம் போதுமாக இருந்தது. ஐப்பசி மழை விட்டு, வானம் துடைத்துவிட்டாற்போல ஆகி, கார்த்திகைப் பனி இறங்கியதும் பிடிவாதத்துக்குப் பல் கிட்டியது. விடிகாலையில் பாய்க்குள் கிடக்கும்போது காரணங்கள் ஒவ்வொன்றாக வந்து காதில் சொல்லும், இருமல் வரப் போகிறது, முட்டி வலிக்கிறது, நேற்றுத்தான் ஓடினாயே, யாருக்கு நிரூபிக்க இந்தப் பாடு, இன்னும் ஐந்தே நிமிஷம். முதல் நாள் அந்தக் காரணங்களை ஏசிவிட்டு எழுந்தாள். இரண்டாம் நாள் கெஞ்சிவிட்டு எழுந்தாள். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து கட்டிலைப் பார்த்தபோது, அதன் மேல் கிடந்த கம்பளியின் ஒரு மூலை, அவள் பக்கத்து மூலை, வருகிறவளுக்கு இடம் விட்டு மடக்கி வைக்கப்பட்டிருந்தது. அவள் மடக்கவில்லை. கைக்குக் கிடைத்த உடுப்பை மாட்டிக்கொண்டு, ஷூவின் கயிற்றைக்கூடக் கட்டாமல் கதவைத் திறந்து ஓடினாள், கட்டில் வாசல்படியில் ஒருக்களித்து வெளியே வந்து, நான்கு காலையும் ஊன்றி நின்று, எந்தப் பக்கம் போனாள் என்று பார்த்துவிட்டுக் கிளம்பியது.

ஊர் நிம்மதியானது. ஆமாம், நிம்மதிதான். காரணமில்லாமல் ஓடினால் கிறுக்கி, கட்டில் துரத்தி ஓடினால் பாவம், இதுதான் ஊர் நியாயம். "யாரு துரத்துறா" என்று கேட்ட வாயெல்லாம், "ஓடுத்தா, ஓடு, வளைவுகிட்ட வந்துருச்சு," என்று சொல்லத் தொடங்கியது. முதல் பஸ் ஓட்டுநர் கட்டிலைக் கண்டால் இரண்டு தரம் ஹாரன் அடித்து ஒதுங்கி வழிவிட்டார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பிள்ளைகளுக்கு வேகக் கணக்குப் போட்டார்: ஒரு பெண் மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் ஓடுகிறாள், ஒரு கட்டில் மணிக்கு ஏழு நடக்கிறது, பத்து நிமிஷத்தில் இருவருக்கும் இடையே எத்தனை அடி? பாப்பாத்திகூடப் பழைய சேலையைக் கிழித்துக் கட்டிலின் நான்கு காலுக்கும் சுற்றிவிட்டாள், ரோட்டுக் கல்லில் தேய்ந்துவிடுமே என்று.

சைக்கிள் நாட்களில்தான் வேடிக்கை. ஏற்றத்தில் அன்னக்காமு சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிப்பாள், தண்ணீர்த் தொட்டி மேட்டில் வண்டி கிட்டத்தட்ட நின்றேவிடும், அப்போது கட்டில் நெருங்கி வந்து கம்பளியால் பின் சக்கரத்தைத் தொடப் பார்க்கும், அவளுக்குக் கழுத்தில் அந்தச் சூடு படும். பனிக்காலத்தில் அந்தச் சூட்டைப் போல ஒரு பகை கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் நாலு மிதி மிதிப்பாள். வளைவைத் தொட்டுத் திரும்பினால் இறக்கம், காற்று கண்ணில் கத்தியாய் இறங்கும், கட்டில் நான்கு காலையும் அகட்டிச் சறுக்கிக்கொண்டே பின்னால் வரும், கோழிகள் பறக்கும், நாய்கள் திண்ணையில் ஏறிக்கொள்ளும். வீட்டு வாசலைத் தொட்டுவிட்டால் அன்றைக்கு அவள் ஜெயித்த கணக்கு. கட்டில் முற்றத்தில் வெயில் படுகிற இடமாகப் பார்த்துப் போய் நிற்கும்.

தெரு இரண்டு கட்சியானது. பாதிப் பேர் அன்னக்காமு கட்சி. மீதிப் பேர் வெளிப்படையாகவே, "கட்டிலு, விடாத! இன்னும் பத்தடிதான்!" என்று கத்தினார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, காலையில் எழப் பிடிக்காதவர்கள், அவ்வளவுதான். அவள் ஒரு நாள் தோற்றுப் படுத்துவிட்டால் தாங்களும் குற்ற உணர்ச்சி இல்லாமல் படுத்திருக்கலாம் என்று ஒரு நப்பாசை. ஆனால் பாருங்கள், கத்துவதற்காக அவர்களும் ஐந்தரை மணிக்கு எழுந்து வாசலுக்கு வர வேண்டியிருந்தது. மார்கழி பிறக்கும்போது மேல்மந்தையில் விடிந்த பின் தூங்குகிறவர்கள் யாரும் இல்லை.

வம்பு வந்தது வேறு பக்கத்திலிருந்து. முற்றத்தில் வெயில் காய்கிற கட்டில் ஒன்று சும்மா நின்றால் மனுஷன் உட்காராமல் இருப்பானா? குருவப்பன் பதினொரு மணிக்கு, மூட்டு வலிக்கிறதே, ஒரு நிமிஷம் என்று உட்கார்ந்தார். எழுந்தபோது சாயந்திரம். கடையில் பால் பொங்கி, அடுப்பு அணைந்து, பூனைக்கு நல்ல நாளாகிவிட்டது. "தூங்கலப்பா," என்றார், "முழிச்சுத்தான் இருந்தேன். எந்திரிக்கிறதுக்கு ஒரு காரணமும் தோணல." பிறகு தபால்காரர் உட்கார்ந்தார், ஊருக்கு இரண்டு நாள் தபால் வரவில்லை. கடைசியாகப் பஞ்சாயத்துத் தலைவர் மொக்கைச்சாமி, இதென்ன மாயம், ஒரு கை பார்ப்போம் என்று உட்கார்ந்தார். அன்றைக்குத்தான் அவர் மகளைப் பெண் பார்க்க வத்தலக்குண்டிலிருந்து வருகிறார்கள். வந்தவர்கள் வாசலில் நின்றார்கள், தலைவர் எங்கே என்றார்கள், தலைவர் கம்பளியைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு, "வரச் சொல்லு, இங்கனயே பேசிக்கலாம்," என்றார். அவர்கள் அடுத்த பஸ்ஸில் மலை இறங்கிப் போனார்கள்.

மறுநாளே கூட்டம் போட்டார். அவமானப்பட்ட மனுஷனுக்குச் சட்டம் நன்றாக ஞாபகம் வரும். தெருவில் அலைகிற மாடு, கழுதைகளைப் பிடித்து அடைக்க ஊர்க் கோடியில் கல் சுவர் வைத்த பவுண்டு ஒன்று வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே இருக்கிறது. கட்டில் கால்நடையா என்று ஒருவர் கேட்டார். "காலு நாலு இருக்கு, நடக்குது," என்றார் மொக்கைச்சாமி. "மேயல, அம்புட்டுத்தான்." பதினாறாம் நாளே எல்லைக்குப் போயிருக்க வேண்டிய கட்டில், பவுண்டும் எல்லையில்தான் இருக்கிறது, வழக்கமும் நிறைவேறியது மாதிரி ஆயிற்று என்று எல்லோரும் தலையாட்டினார்கள். ரெஜினா மட்டும், "அவகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றார். "அவளுக்காகத்தான செய்யறோம்," என்றது ஊர்.

அன்னக்காமுவும் தடுக்கவில்லை. பொய் சொல்வானேன், ஆறு பேர் சேர்ந்து கயிறு போட்டுக் கட்டிலை இழுத்துப் போனபோது அவளுக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது.

மறுநாள் காலை ஐந்தரைக்குக் கண் விழித்தாள். வீட்டில் ஒரு கிரீச் சத்தம் இல்லை. வெளியே புல் முழுக்க உறைபனி உப்பைக் கொட்டினாற்போல வெளுத்துக் கிடந்தது. துரத்த ஆளில்லை, ஒரு நாள் படுத்தால்தான் என்ன என்று தோன்றியது. நியாயமாகத்தான் இருந்தது. படுத்தாள். எட்டு மணிக்கு எழுந்து, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சைக்கிளைச் சுவரோரம் தள்ளி வைத்தாள். இரண்டாம் நாள் பத்து மணி ஆயிற்று. மூன்றாம் நாள் பாப்பாத்தி கஞ்சி கொண்டுவந்து தலைமாட்டில் வைத்து, தலையை வருடி, "இப்பத்தான் மதினி நீ மனுஷி மாதிரி இருக்க," என்று மனசாரச் சொன்னாள். அன்னக்காமு கஞ்சியைக் குடிக்கவில்லை. தெருவும் தூங்கியது, கத்துவதற்கு ஒன்றும் இல்லாதபோது எதற்கு எழுவது?

நான்காம் நாள் காலையில் குளிர் எலும்பைத் தொட்டது. அவள் அரைத் தூக்கத்தில் கையை நீட்டி, பக்கத்தில் கிடந்த இன்னொரு கம்பளியை இழுத்து, தலை வரைக்கும் போர்த்திக்கொண்டாள். உள்ளே இருட்டு, தன் மூச்சின் வெதுவெதுப்பு. அப்படியே இரண்டு நிமிஷம் கிடந்தவளுக்கு, தான் யாருக்குச் செய்ததை இப்போது யாருக்குச் செய்கிறோம் என்று உறைத்தது. கம்பளியை உதறிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். முதலில் வந்த பயம் கோபத்தில் போய் நின்றது. கட்டில் மேல் கோபம் இல்லை. தன்னைக் கேட்காமல் தனக்கு நல்லது செய்த ஊர் மேல் கோபம், அதற்கு அப்பாடா என்று சொன்ன தன் மேல் அதைவிடக் கோபம். ஷூவை மாட்டிக்கொண்டு, மஃப்ளர்கூடக் கட்டாமல், பவுண்டுக்குப் போனாள். போகிற வழியில் மொக்கைச்சாமி வீட்டுக் கதவைத் தட்டிய தட்டில் தெருவே எழுந்து வந்துவிட்டது.

"என் கட்டில அவுத்து விடுங்க."

மொக்கைச்சாமி போர்வையோடு வந்து நின்றார். "ஏத்தா, கூறு கெட்டுப்போச்சா ஒனக்கு? நிம்மதியாத் தூங்குறியேன்னு ஊரே சந்தோசமா இருக்கு."

"நான் தூங்கல. கெடக்கேன். அவுத்து விடுங்க."

"விட்டா மறுபடி துரத்தும்."

"துரத்தட்டும்."

"ஒரு நாள் புடிச்சிரும்த்தா. புடிச்சா நீ எந்திரிக்க மாட்டேன்னு நீயே சொல்லியிருக்க."

"புடிச்சா புடிக்கட்டும். கட்டிப்போட்ட கட்டிலுகிட்ட ஜெயிச்சு எனக்கு என்ன ஆகப்போகுது?"

தலைவருக்குச் சட்டம் மறுபடி ஞாபகம் வந்தது. பவுண்டில் அடைத்ததை விடுவிக்க வேண்டுமென்றால் சொந்தக்காரர் வெளியே நின்று, பார்க்காமல் அடையாளம் சொல்ல வேண்டும்; கொம்பு, சுழி, தழும்பு என்று. "அடையாளம் சொல்லு," என்றார்.

அன்னக்காமு கல் சுவரைப் பார்த்தபடி சொன்னாள். "நடுப் பலகையில ரெண்டு பள்ளம் இருக்கும். செவத்துப் பக்கம் இருக்கறது நீளமா, ஆழமா இருக்கும், அது அவரு. இந்தப் பக்கம் சின்னது, அது நான். பதினெட்டு வருசம் படுத்த பள்ளம். ரெண்டுக்கும் நடுவுல வரப்பு மாதிரி ஒரு மேடு இருக்கும். அத நாங்க சண்ட போட்ட அன்னைக்கு மட்டுந்தான் பாத்துருக்கோம்."

பாப்பாத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மொக்கைச்சாமி அடையாளத்தைச் சரிபார்க்க உள்ளே போகவில்லை. சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார்.

கட்டில் வெளியே வந்த விதத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. நான்கு ராத்திரி பனியில் நனைந்து, கம்பளி விறைத்து, பாப்பாத்தி கட்டிய துணியெல்லாம் அவிழ்ந்து தொங்க, கயிற்றை அறுக்க இழுத்த இழுப்பில் ஒரு கால் ஆடிப்போய், நான்கு எட்டு வைத்துத் தெருவின் நடுவில் நின்றுவிட்டது. அன்னக்காமு பத்தடி ஓடித் திரும்பிப் பார்த்தாள். வரவில்லை. "வா," என்றாள். வரவில்லை. இன்னும் பத்தடி ஓடினாள். அது நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது.

அவள் திரும்பி வந்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "மதினி, வேண்டாம்!" என்று பாப்பாத்தி கத்தினாள். அன்னக்காமு காலைத் தூக்கி மேலே வைத்தாள், ஷூவோடு. படுத்தாள். கம்பளியை இழுத்துக் கழுத்து வரைக்கும் போர்த்திக்கொண்டாள்.

எட்டு மாசம் தப்பித்திருந்த இடம் அது, எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். அவளுடைய பள்ளம் அவளை மறக்கவில்லை, தோள் இருக்க வேண்டிய இடத்தில் தோளை வாங்கிக்கொண்டது, இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் இடுப்பை வாங்கிக்கொண்டது, விறைத்த கம்பளிக்குள்ளிருந்து சூடு ஊறி வந்தது, சூட்டோடு பூண்டு வாசனையும் பீடி வாசனையும் வந்தது, கை தானாகவே நடு மேட்டைத் தாண்டி அந்தப் பக்கத்துப் பள்ளத்துக்குள் போனது, அது காலியாகத்தான் இருந்தது, ஆனால் காலியாக இருப்பதுகூட அவனுடைய அளவில் இருந்தது. காரணங்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன, இந்த முறை கெஞ்சாமல், உறவுக்காரர்களைப் போல. எதற்கு எழ வேண்டும்? ஒரு காரணமும் இல்லை. குருவப்பன் சொன்னது சத்தியம், தேடித் தேடிப் பார்த்தாள், எழுவதற்கு ஒரு காரணமும் இல்லை. முனியப்பன் வளைவில் யாரும் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. ஓடினால் வீரணன் திரும்பி வரப்போவதில்லை. அவள் அழுதாள். போன மார்கழிக்குப் பிறகு முதல் தடவையாக வாய்விட்டு, அவன் பெயரைச் சொல்லி, தெரு நடுவில் படுத்துக்கொண்டு அழுதாள்.

"முடிஞ்சது," என்று குருவப்பன் மெல்லச் சொன்னார். கட்டில் கட்சிக்காரர்கள் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ரெஜினா அவளிடம் போகவும் இல்லை, கூப்பிடவும் இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார், கன்னம் நனைந்திருந்தது. வெயில் கிழக்குச் சோலையைத் தாண்டித் தெருவில் ஒரு முழம் இறங்கியது, இரண்டு முழம் இறங்கியது.

காரணம் இல்லைதான். சரி, காரணம் இல்லாமலேயே எழுந்தால் என்ன என்று அன்னக்காமு நினைத்தாள். இடது காலைக் கீழே வைத்தாள். தரை நெருப்பாகக் குளிர்ந்தது, ஷூவையும் மீறி. வலது காலை வைத்தாள். உட்கார்ந்தாள். உட்கார்ந்திருந்தது எவ்வளவு நேரம் என்று இன்றைக்கும் ஊரில் சண்டை உண்டு. பிறகு எழுந்தாள்.

எழுந்ததும் ஓடவில்லை. கம்பளியை எடுத்து உதறினாள், மூலைக்கு மூலை சேர்த்து மடித்தாள், போன வருஷத்திலிருந்து மடிக்காத கம்பளி, தலைமாட்டில் வைத்தாள். ஆடிய காலைக் கல்லால் இரண்டு தட்டுத் தட்டி இறுக்கினாள். மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு, நடுப் பலகையில் உள்ளங்கையால் ஒரு அடி போட்டாள்.

"ம்ம். இப்ப வா. புடி பாப்போம்."

கட்டில் ஒரு கணம் நின்றது. பிறகு வந்தது. அவள் மேட்டுத் தெருவில் ஓடினாள், நான்கு நாள் படுத்த உடம்பு, கால் இரும்பாகக் கனத்தது, மூச்சு அடைத்தது, தண்ணீர்த் தொட்டி மேட்டில் கட்டில் மூன்றடிக்குள் வந்துவிட்டது, கம்பளிச் சூடு முதுகில் பட்டது, அந்தச் சூட்டைப் பார்த்து அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். ஊர் மொத்தமும் போர்வையோடு பின்னால் ஏறிக்கொண்டிருந்தது, நடந்தவர்கள் வேகமாக நடந்தார்கள், வேகமாக நடந்தவர்கள் தங்களை அறியாமல் ஓடத் தொடங்கினார்கள், மொக்கைச்சாமி ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கடைசியாக மூச்சு வாங்க வந்தார்.

"ஏத்தா, அன்னக்காமு!" என்று கத்தினார். "இன்னைக்கு எந்திரிச்சிட்ட, சரி! நாளைக்கு என்ன செய்வ?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வளைவு கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

"நாளைக்குச் சைக்கிளு!" என்றாள்.